வாய்க்காலுக்கு அங்கால் கேட்ட பாட்டு

போன மாதம் கிளிநொச்சியில் ஒரு பெரிய இசை நிகழ்ச்சி. கையில் கடதாசிப் பட்டி கட்டி, பையைத் திறந்து காட்டி, தண்ணீர்ப் போத்தலை வாசலில் பறிகொடுத்து உள்ளே போகிற வகை. என்னோடு வேலை செய்யும் துஷியும் வந்திருந்தாள். நாலாவது பாட்டில், பாடகர் உச்சத்தில் ஏறி நின்று இழுக்கிற இடத்தில், எல்லாம் ஒன்றாக நின்றது. வெளிச்சம் போனது. ஒலி போனது. அவ்வளவு சனமும் ஒரு கணம் மூச்சுவிடாமல் நின்றது. அந்த அமைதிக்குள் ஒரு குரல் கேட்டது.

"ஆர் செத்தது?"

கேட்டது நான்தான்.

முன்னால் நின்ற இரண்டு பெண்பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். துஷி என் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள்.

"ஜெனரேட்டர் நிண்டிட்டுதடி. செத்தவீடு எங்கையிருந்து வந்தது இதுக்குள்ளை?"

இதில் வெட்கம் என்னவென்றால், ஜெனரேட்டர் நின்றால் ஏன் நின்றது என்று சொல்வதுதான் என் தொழில். தொலைபேசிக் கோபுரங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் இயந்திரங்களைப் பார்க்கிற வேலை. மாங்குளத்திலிருந்து ஜெயபுரம் வரை கோபுரம் கோபுரமாகத் திரிகிறேன். எரிபொருள், வடிகட்டி, பற்றரி, இணைப்பு என்று ஒழுங்காகப் பார்த்துக்கொண்டு போனால் பிழை எங்கேயாவது பிடிபடும். அன்றைக்கு அந்த ஒழுங்கில் ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை. பாட்டு இடையில் நின்றால் ஊரில் யாரோ போய்விட்டார்கள் என்றுதான் என் உடம்பு படித்து வைத்திருக்கிறது. படிப்பித்தது யார் என்று துஷி கேட்டாள். வெளிச்சம் வந்துவிட்டதால் அவளுக்குச் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

அதற்கு முதல் ஒரு விஷயம். பாட்டு நிகழ்ச்சிகளுக்குப் போவதில் உள்ள எரிச்சல்களை நான் மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறேன். எதையும் பிரித்து வைப்பது என் வியாதி. பாட்டுக்கு முந்திய எரிச்சல், பாட்டின்போது எரிச்சல், பாட்டுக்குப் பிந்திய எரிச்சல். முந்தியதில் முதலிடம் அறிவிப்பாளருக்கு. "சத்தம் காணாது, சத்தம் காணாது" என்று எங்களிடமே சத்தம் கேட்டு வாங்குவார். பாட்டுக் கேட்க வந்தவளை ஏன் கத்தச் சொல்கிறார்கள் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கியதில்லை. பாட்டின்போது எரிச்சல், எனக்கு முன்னால் நிற்கிறவரின் உயர்த்திய கைபேசி. மேடையை அதன் சின்னத் திரைக்குள்தான் பார்க்க வேண்டும். பிந்தியது, வாகனம் எடுக்கிற இடத்துப் புழுதி. இன்பம் என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான். ட்ரம்ஸின் பெரிய அடி நெஞ்சாங்கூட்டுக்குள் வந்து விழுமே, அது. அந்த ஒன்றுக்காக மற்ற எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் போகிறேன்.

அந்த அடியை நான் முதன்முதலில் வாங்கியது எங்கள் ஊர் அம்மன் கோயிலைச் சுற்றிய வெளிவீதியில். எங்கள் ஊர் வட்டக்கச்சிப் பக்கம். இரணைமடுத் தண்ணீர் வருகிற வாய்க்கால் ஒன்று கோயிலுக்குப் பக்கத்தால் போகிறது. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் கோயில் காணி, அந்தப் பக்கம் வயல். வைகாசிப் பொங்கல் முடிந்த மறுநாள் பின்னேரம் பாட்டுக் கோஷ்டி வரும். போரில் இடம்பெயர்ந்து திரும்பி, தகரக் கொட்டில்களில் இருந்த காலத்திலேயே அதைத் திரும்பத் தொடங்கிவிட்டார்கள். அந்த முதல் வருடங்களில் ட்ரம்ஸ்காரர் சரிபார்க்க ஒரு அடி அடித்தால் அம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடிப்பார். பிறகு தானே சிரித்துவிட்டு விடுவார். இரண்டு மூன்று வருடத்தில் அந்தப் பிடி இளகிவிட்டது.

புளியமரத்துக்குப் பின்னால் ஜெனரேட்டர் நிற்கும். டீசல் புகையும் கச்சான் கடலை வறுக்கிற மணல் வாசமும் கலந்து வரும். அந்தக் கலவையை இன்றைக்கு எங்காவது மணந்தால், கையில் ஸ்பானரோடு நிற்கிறேன் என்பதே மறந்துபோகும். மத்தியானமே போய் இடம் பிடிக்க வேண்டும். நெல் காயவிடுகிற படங்கைக் கொண்டுபோய் விரித்து, நாலு மூலைக்கும் கல் வைத்துவிட்டு வந்தால் அந்த இடம் எங்களுடையது. எழுதாத சட்டம். கல்லை நகர்த்தினவர்களோடு வருடக்கணக்காகக் கதைக்காமல் இருந்த குடும்பங்கள் உண்டு.

எங்கள் படங்குக்குப் பக்கத்தில் எப்போதும் லெட்சுமியக்காவின் படங்கு. அம்மா அவரை அக்கா என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன்; உண்மையில் அவருக்கு என் வயதைவிடப் பெரிய மகள் இருந்தாள், வவுனியாவில் கலியாணம் முடித்து. லெட்சுமியக்காவின் ஆட்கள் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் இருந்து வன்னிக்கு வந்தவர்கள். எங்கள் ஆட்கள் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்தவர்கள். இரண்டு பகுதியும் வந்த ஆட்கள்தான். ஆனாலும் முதலில் வந்தவர்கள் பிந்தி வந்தவர்களை "தோட்டத்து ஆக்கள்" என்பார்கள். அதைச் சொல்கிறபோது குரல் கொஞ்சம் இறங்கும். அதை நான் சின்ன வயதிலேயே கவனித்திருக்கிறேன்.

லெட்சுமியக்காவின் கணவர் சந்தனம் அண்ணை. கோயில் திருவிழாவுக்குப் பனைமரங்களில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டுவது அவர்தான். பாட்டென்றால் உயிர். ஆனால் அவருக்குப் பக்கத்தில் இருந்து பாட்டுக் கேட்பதென்றால் தனிப் பொறுமை வேண்டும். பாட்டில் அடுத்து என்ன வரும் என்று முதலே சொல்லிவிடுவார். "இப்ப பாரு புள்ள, இப்ப வயலின் வரும்... வரும்... ஆ, வந்துருச்சி!" என்று தொடையில் தட்டுவார். "இந்த எடத்துல பொம்பளக் கொரலு மட்டும். மேளம் நிக்கும் பாரு." மேளம் நிற்கும். கோஷ்டிக்காரர் ஓர் இடையிசையை விட்டுவிட்டால் எழும்பி நின்று கை நீட்டி ஞாயம் கேட்பார். எங்களுக்குப் பின்னால் எப்போதும் இருக்கிற தவம் மாமி ஒருமுறை பொறுக்க முடியாமல் சொன்னார்:

"சந்தனம், நீ மேடையிலை ஏறிப் பாடு. அவங்கள் இஞ்சை வந்து இருந்து கேக்கட்டும்."

"எனக்குக் கொரல் இல்லீங்க மாமி. காது மட்டுந்தான் இருக்கு," என்றார் அவர்.

இனி அந்தச் சட்டம். ஊரில் ஒரு பிரேதம் கிடக்கிறபோது கோயில் ஒலிபெருக்கி வாய் திறக்கக்கூடாது. பூசை நிற்கும், மணி நிற்கும், பாட்டு நிற்கும். யார் என்ற பேச்சில்லை. இதை எங்கள் ஊர் ஒரு முறையும் மீறினதில்லை. நான் எட்டாம் வகுப்புப் படித்தபோது, கோஷ்டி வந்து இறங்கி, மைக்கில் "ஹலோ, ஒண்டு, ரெண்டு" சொல்லிக்கொண்டிருக்கும்போது, பெரிய கடை ஐயா போய்விட்டார் என்று செய்தி வந்தது. மைக்கை நிறுத்தினார்கள். கோஷ்டிக்காரர் இராச்சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு வந்த வான் வண்டியிலேயே திரும்பிப் போனார்கள். நாங்கள் படங்கைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். வரும் வழியிலேயே பகிடி தொடங்கிவிட்டது. "உயிரோடை இருக்கேக்கை நிறுவையிலை குறைச்சார். செத்து எங்கட பாட்டிலையும் குறைச்சுப்போட்டார்." சொன்னது தவம் மாமி. எல்லாரும் சிரித்தோம். அந்தப் பகிடி ஊரில் வருடக்கணக்காக உலாவியது. ஐயாவின் மகன் கடையில் இருந்துகொண்டே அதைக் கேட்டுச் சிரிப்பான்.

இரண்டு வருடம் கழித்து, நான் பத்தாம் வகுப்பில் இருந்தபோது, சந்தனம் அண்ணை படுக்கையில் விழுந்தார். சிறுநீரக வருத்தம். எங்கள் பகுதியில் அந்த வருத்தம் வந்த வீடுகள் அதிகம். அந்த வருடம் குழாய் கட்ட அவருடைய தம்பி குமார்தான் ஏறினான். பொங்கல் முடிந்து, மறுநாள் பாட்டு. அந்த மறுநாள் மத்தியானம் சந்தனம் அண்ணை இறந்துவிட்டார்.

அது ஊருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் இரண்டு பேர், லெட்சுமியக்காவும் குமாரும். நான் இப்போது சொல்லப்போகிற பின்னேரம் முழுவதும் அவர் அந்த வீட்டின் உள்ளறையில், யன்னல் சாத்தியிருக்க, தலைமாட்டில் விளக்கு எரிய, கிடந்தார். அவருடைய மனைவி எனக்குப் பக்கத்தில் இருந்து பாட்டுக் கேட்டார்.

அன்றைக்கு நாங்கள் போனபோது எங்கள் படங்குக்குப் பக்கத்து இடம் வெறுமையாக இருந்தது. லெட்சுமியக்கா வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், வரம்பில், ஒரு உரச் சாக்கை விரித்துத் தனியாக இருந்தார். அம்மா கூப்பிட்டார்.

"என்னக்கா அங்கை போய்? இஞ்சாலை வாங்கோவன்."

"இல்ல, இருக்கட்டும். அவருக்கு ஏதும் வேணும்னா வரப்புல ஓடிறலாம். அங்க சனத்துக்குள்ள மாட்டிக்கிட்டா எந்திரிக்க ஏலாது."

சரியான காரணம். அவரைத் தனியே விட அம்மாவுக்கு மனமில்லை. எங்கள் படங்கைச் சுருட்டிக்கொண்டு பனங்குற்றிப் பாலத்தால் அந்தப் பக்கம் போனோம். எனக்குக் கடும் எரிச்சல். மத்தியான வெயிலில் பிடித்த இடம். இப்போது தவளைக்கும் கடிக்கிற நுளம்புக்கும் நடுவில். தவம் மாமியும், தனியே இருந்தால் யாரோடு கதைப்பது என்று, எங்களுக்குப் பின்னால் வந்துவிட்டார். அம்மா எங்கள் படங்கில் இடம் விட்டுத் தட்டிக் காட்டினார். லெட்சுமியக்கா வரவில்லை. தன்னுடைய சாக்கிலேயே, எங்கள் படங்கில் சேலைத் தலைப்புக்கூடப் படாதபடி இருந்தார். "காலெல்லாம் சேறு," என்றார். நான் பார்த்தேன். அவர் காலில் சேறில்லை. தலை ஈரமாக இருந்தது. குளித்துவிட்டு வந்திருக்கிறார் என்று மட்டும் நினைத்தேன்.

பாட்டுத் தொடங்கியது. ஒரு பத்து நிமிடத்தில் என் எரிச்சல் போய்விட்டது. மேடைக்கு முன்னால் இருந்தால் குழாய் ஸ்பீக்கரின் கீச்சுச் சத்தம்தான் தலையில் ஏறும். இங்கே, தண்ணீரைத் தாண்டி வரும்போது, கீபோர்ட்டும் கிற்றாரும் குரலும் தனித்தனியாக, ஒன்றையொன்று மிதிக்காமல் வந்தன. பிறகு படித்தபோதுதான் ஏன் என்று தெரிந்தது. அன்றைக்கு அது வாய்க்கால் செய்கிற வித்தை என்று நினைத்தேன்.

"எப்பிடி உங்கட மனிசன்?" என்று தவம் மாமி பின்னாலிருந்து கேட்டார். "இண்டைக்குத்தான் பாட்டு ஒழுங்காக் கேக்குது."

லெட்சுமியக்கா சிரித்தார். "இன்னைக்கு ஒரு பேச்சுமில்லாம படுத்திருக்காரு மாமி."

"ஒரு நாளைக்காவது வாயை மூடிக்கொண்டு கிடக்கட்டும்."

"கெடக்குறாரு."

மூன்றாவது பாட்டில் அது நடந்தது. ஓர் இடத்தில் லெட்சுமியக்கா என் பக்கம் குனிந்து, மெதுவாக, "இப்ப வயலின் வரும் பாரு புள்ள," என்றார். வந்தது. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவர் ஒரு நாளும் பாட்டைப் பற்றிக் கதைத்ததில்லை. பாட்டு நடக்கும்போது கச்சான் உடைத்து எங்களுக்குத் தருவதுதான் அவர் வேலை. அன்றைக்கு அவர் கச்சான் வாங்கவும் இல்லை, நாங்கள் நீட்டியதை எடுக்கவும் இல்லை. ஆனால் ஒவ்வொரு பாட்டிலும், ஒவ்வொரு திருப்பத்துக்கும் முதல், சின்னக் குரலில் சொல்லிக்கொண்டே வந்தார். "இந்த எடத்துல மேளம் நிக்கும்." "இப்ப குழலு." ஓர் இடத்தில் கோஷ்டிக்காரர் வயலின் இடையிசையை விட்டுவிட்டுச் சரணத்துக்குத் தாவினார்கள். "விட்டுட்டானுங்க," என்றார். தொடையில் தட்டவில்லை.

பிறகு அறிவிப்பாளர் வந்தார். உள்ளூர் வாத்தியார், ஒரு பாட்டுக்கு இரண்டு பாட்டு நேரம் கதைப்பார். அன்றைக்கு அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "எத்தனையோ வருடமாக எங்கள் ஒலிபெருக்கிகளைப் பனையில் ஏறிக் கட்டித்தந்த சந்தனம் அண்ணை சுகவீனமாக இருக்கிறார். அவர் விரைவில் குணமடைய வேண்டுமென்று அடுத்த பாடல். எல்லாரும் ஒருமுறை கைதட்டுவோம்."

ஊர் முழுக்கத் திரும்பி வாய்க்காலுக்கு அங்கால் நாங்கள் இருந்த பக்கம் பார்த்துக் கைதட்டியது. லெட்சுமியக்காவும் கைதட்டினார். எல்லாரும் நிறுத்திய பிறகும் இரண்டு மூன்று தரம் தட்டினார். அந்தச் சத்தம் தனியாகக் கேட்டது.

அதோடு விடவில்லை. பொன்னாடை போர்த்த வேண்டுமாம். குடும்பத்தில் யாராவது மேடைக்கு வர வேண்டுமாம். அம்மா, "போங்கோ அக்கா," என்றார். லெட்சுமியக்கா எழும்பவில்லை. முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. மேடை கோயில் வீதிக்குள் இருந்தது. அன்றைக்கு அது எனக்கு ஒரு காரணமாகவே தோன்றவில்லை. வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன்.

"புள்ள, நீ போயி வாங்கிட்டு வா," என்றார்.

நான் பாலத்தைத் தாண்டி ஓடிப்போய், சனத்துக்குள்ளால் மேடையேறி, என் சட்டைக்கு மேல் பொன்னாடை போர்த்தப்பட்டு, கைதட்டு வாங்கி, பெருமையோடு திரும்பி வந்தேன். மேடையில் ஏறிய ஒரே தடவை அது. கொண்டுவந்து அவரிடம் நீட்டினேன். அவர் கை நீட்டவில்லை.

"கீழ வையி. பெறகு எடுத்துக்கிறேன்."

சாக்கில் வைத்தேன். நான் கையை எடுத்த பிறகுதான் அதை எடுத்து மடியில் வைத்தார்.

பாட்டு முடிந்தது. கோஷ்டியின் வான் போனது. லெட்சுமியக்கா சாக்கை உதறி மடித்து, "போயிட்டு வாறேன்," என்று சொல்லிவிட்டு வரம்பால் நடந்தார். நாங்கள் வீட்டுக்கு வந்து, கால் கழுவி, படங்கை அடுக்கிவைத்து, பாய் விரித்த பிறகு அந்தச் சத்தம் வந்தது. ஒரு குரல். அது லெட்சுமியக்காவின் குரல் என்று முதலில் எனக்குப் பிடிபடவே இல்லை. அவ்வளவு பெரிய குரல் அவரிடம் இருக்குமென்று யார் நினைத்தது. அம்மா தலைமயிரை முடிந்துகொண்டு ஓடினார்.

ஊருக்குச் சொன்னது, பாட்டு முடிந்து வந்து பார்த்தால் போயிருந்தார் என்று. அந்தச் சொல் விடியும்வரைதான் நின்றது. காலையில் அவரைக் குளிப்பாட்ட வந்தவர்களுக்கு உடம்பைப் பார்த்தவுடன் முதல்நாள் பகலே போனவர் என்று விளங்கிவிட்டது. ஆளையாள் பார்த்தார்கள். அதற்கிடையில் லெட்சுமியக்காவே குசினி அடுப்படிப் பக்கம் அம்மாவையும் என்னையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். அழுது குரல் கம்மிப்போயிருந்தது.

"மத்தியானம் சோறு குடுக்கப் போனேன். போயிட்டாரு. வெளியில எட்டிப் பாத்தா வான்ல இருந்து மேளத்த எறக்குறானுங்க. புள்ளைங்க எல்லாம் சுத்திக்கிட்டு நிக்கிதுங்க."

"அதுக்காண்டி அக்கா, ஒரு மனிசருக்கும் சொல்லாமலோ?" என்று அம்மா கேட்டார். கேட்டது கோபத்திலா பயத்திலா என்று தெரியவில்லை.

"கடக்கார ஐயா செத்தப்ப பகிடியோட விட்டாங்க. அவரு பெரிய ஆளு. எங்கள அப்பிடி விடுவாங்களா? 'தோட்டத்தான் செத்து எங்கட பாட்டுக் கெட்டுது' அப்பிடின்னு வருசா வருசம் சொல்லுவாங்க. கொழா கட்டினது ஒருத்தருக்கும் நெனவு இருக்காது. இதுதான் நெனவு இருக்கும். இந்த மனுசனுக்கு அந்தப் பேரு வேணாம்னு நெனச்சேன்."

பிறகு என்னைப் பார்த்தார்.

"நா போகாட்டி சந்தேகம் வரும்னு குமாரு சொன்னான். அதுனாலதான் வந்தேன். ஆனா வந்து உக்காந்தப்பறம், அவரு கேக்க முடியாதத நா கேக்கணும்னு ஆயிருச்சி. வீட்டுக்குப் போயி, பக்கத்துல உக்காந்து, என்னென்ன பாட்டுப் பாடுனாங்கன்னு முழுக்கச் சொன்னேன். வயலின விட்டதையும் சொன்னேன். சொல்லி முடிச்சிட்டுத்தான் புள்ள கத்துனேன்."

முந்தின நாள் மாலை முழுவதும் என் கண்ணுக்கு முன்னால் நடந்தவை அப்போதுதான் ஒவ்வொன்றாக இடத்தில் வந்து விழுந்தன. தலை முழுகிவிட்டு வந்தது. கோயில் காணியில் கால் வைக்காமல் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. எங்கள் படங்கில் சேலை படாமல் பார்த்தது. கச்சானைத் தொடாதது. பொன்னாடையை என் கையிலிருந்து வாங்காதது. சாவுத் தீட்டு, அந்தத் துடக்கு, எங்கள் ஒருவரையும் தொட்டுவிடக்கூடாதென்று அந்த மனுசி ஒவ்வொரு அங்குலமாகக் காத்திருக்கிறார், உள்ளே புருஷனை வைத்துக்கொண்டு. பதினைந்து வயதில் நான் பார்த்த பெரிய அதிர்ச்சி சாவு அல்ல. சாவுகளை நாங்கள் அதற்கு முதலே பார்த்திருந்தோம். இது வேறு.

பொன்னாடை சந்தனம் அண்ணையின் மேல் கிடந்தது.

வவுனியாவிலிருந்து மகள் முதல் பஸ்ஸில் வந்தாள். மத்தியானமே தெரிந்திருந்தால் இருட்ட முன்னம் வந்திருப்பாள். "எனக்குமா அம்மா மறைச்ச?" என்று ஒரே ஒரு தரம் கேட்டாள். அதற்குப் பிறகு சாம்பல் அள்ளுகிற காடாத்து முடியும்வரை தாயின் முகத்தைப் பார்க்கவில்லை.

செத்தவீட்டுக்கு முழு ஊரும் வந்தது. அடுத்த நாள் கோயிலில் கூட்டம் போட்டார்கள். தவம் மாமி முன்னுக்கு நின்றார்.

"துடக்கோடை கோயில் வீதியிலை வந்து இருந்து பாட்டுக் கேட்டவா! கைதட்டினவா! என்ரை கண்ணாலை பாத்தனான்."

"வீதியிலை இல்லை மாமி," என்று நான் சொன்னேன். பெரியவர்கள் கூட்டத்தில் நான் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. "வாய்க்காலுக்கு அங்காலை. நீங்களும் அங்கைதானே எங்களோடை இருந்தனீங்கள்."

"வாய்க்கால் கோயில் வாய்க்கால்தானே?"

"வாய்க்கால் நீர்ப்பாசனத்தாரின்ரை," என்றார் ஒருவர். "வரம்பு?" என்றார் இன்னொருவர். "வரம்பு வயல்காரன்ரை." வாய்க்காலின் எந்தக் கரை யாருடையது என்று கனநேரம் சண்டை நடந்தது. ஒருவர் அளவுநாடா கொண்டுவரப் போனார். லெட்சுமியக்காவைப் பற்றி எல்லாரும் மறந்துவிட்டார்கள் போலிருந்தது. கடைசியில் ஐயர், பொங்கல் பூசை முதல்நாளே முடிந்துவிட்டது, அவர் எல்லைக்குள் வரவும் இல்லை, அம்மனுக்குக் குற்றமில்லை, கும்பம் வைத்துத் தண்ணீர் தெளித்தால் போதும் என்றார்.

"அம்மனுக்குக் குற்றமில்லையெண்டால் எங்களுக்கு?" என்று தவம் மாமி கேட்டார். இந்தத் தொல்லையே வேண்டாம், இனிப் பாட்டுக் கச்சேரியைக் கோயிலில் வைக்காமல் விளையாட்டு மைதானத்தில் வைப்போம் என்றும் அவர்தான் சொன்னார். மைதானம் என்றால் துடக்கில்லை, தடையில்லை. எல்லாரும் ஓம் என்றார்கள். நானும் மனதுக்குள் ஓம் என்றேன். இனி ஒருவரும் சாவை மறைக்கத் தேவையில்லை என்று நினைத்தேன்.

ஒன்று மட்டும் லெட்சுமியக்கா நினைத்தது நடந்தது. சந்தனம் அண்ணையின் பெயரைச் சொல்லி ஒருவரும் பாட்டுக் கெட்டது என்று சொல்லவில்லை. "குழாய் கட்டின சந்தனம்" என்றுதான் இன்றைக்கும் சொல்கிறார்கள். லெட்சுமியக்காவின் பெயரைச் சொல்லும்போதுதான் குரல் இறங்கும். சில வருடத்தில் மகள் வந்து அவரை வவுனியாவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். பேரப்பிள்ளை பிறந்திருந்தது. தாயும் மகளும் அதற்குப் பிறகு அந்தப் பின்னேரத்தைப் பற்றிக் கதைத்தார்களா என்று எனக்குத் தெரியாது.

பாட்டு மைதானத்துக்குப் போனது. முதலில் கோயில் நிர்வாகமே நடத்தியது. பிறகு விளையாட்டுக் கழகம். பிறகு வெளியிலிருந்து ஆட்கள் வந்து, வேலி போட்டு, உள்ளே வரக் காசுக்கு ரிக்கெற் வைத்தார்கள். படங்கு போய்க் கதிரை வந்தது. பிறகு கதிரையும் போய், எல்லாரும் நிற்கிறோம். குழாய் ஸ்பீக்கர் போய், ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கிய பெட்டிகள் வந்தன. சத்தத்தின் தரம் என்று பார்த்தால், தொழில் தெரிந்தவளாகச் சொல்கிறேன், பழையதோடு ஒப்பிடவே முடியாது.

போன வருடம் எங்கள் ஊர் மைதானத்தில் அப்படியொரு நிகழ்ச்சிக்கு நானும் போனேன். ஒரு தடங்கலும் இல்லாமல் நடந்தது. நன்றாகவும் இருந்தது. தெரிந்த பாட்டுகளுக்கு எல்லாரும் சேர்ந்து பாடினோம். வீட்டுக்கு வந்து கைபேசியைப் பார்த்தபோதுதான் கண்ணீர் அஞ்சலிப் படம் வந்திருந்தது. தவம் மாமியின் கணவர். மைதானத்து வேலியோடு ஒட்டிய வீடு அவர்களுடையது. பாட்டுத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் போயிருக்கிறார்.

விடிந்ததும் போனேன். தவம் மாமி கதிரையில் இருந்தார். என்னைக் கண்டதும் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் இருத்தினார்.

"மகனை அனுப்பினனான் பிள்ளை. பாட்டைக் கொஞ்சம் நிப்பாட்டச் சொல்லி. ரிக்கெற் வித்தாச்சு, நிப்பாட்டேலாது எண்டவங்களாம். இரக்கப்பட்டு இந்தப் பக்கம் பாத்த பெட்டி ரெண்டை மற்றப் பக்கம் திருப்பிவிட்டவங்களாம்."

அவர் என் கையை விடவில்லை.

"நான் வாசலிலை நிண்டு கத்தினனான் பிள்ளை. நெஞ்சிலை அடிச்சுக் கத்தினனான். வேலிக்கு அங்காலை முழு ஊரும் நிண்டது. ஒருத்தரும் திரும்பிப் பாக்கேல்லை. எனக்கே என்ரை சத்தம் கேக்கேல்லை."